அக்கரைப் பச்சை

பொலிகுதிரை வைத்திருப்பவளுக்கு
விருந்தாளிகள் குறைவு.
பக்கத்துப் பண்ணைக்காரர்கள்
வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று கேட்ட பிறகே
நலம் விசாரிக்கிறார்கள்.
ஓடுகிறது.
ப்ராட்டன் அதை ஒரே ஒருமுறை மூக்கால் தொட்டுப் பார்த்தான்.

காய்ந்த வைக்கோலுக்கும் ஈரமணலுக்கும் நடுவே ஒரு நிறம்.
நெற்றி மயிரிலிருந்து வால்நுனி வரை
யாரோ ஒரே மூச்சில் இழுத்த மைக்கோடு.
பிடரியின் நடுவில் கறுப்பு, இரு ஓரமும் வெள்ளை;
வெள்ளையை ஒரு விரல் குட்டையாக வெட்டினால்தான்
கறுப்பு எழுந்து நிற்கும்.
கண்காட்சிக்கு முந்தைய இரவு என் கத்தரி வழுக்கி
ஓரிடத்தில் பள்ளம்.
நடுவர்கள் மூவரும் பள்ளத்தை விட்டுவிட்டார்கள்.
‘முதுகு சற்று நீளம்’ என்று எழுதினார்கள்.
அடுத்த ஆண்டும் அதே முதுகோடு போனோம்.
தேறினான்.
நீளமா இல்லையா என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிவேட்டில் உரிமையாளர் நான்.
காலை ஐந்தரைக்கு அவன் உதைக்கும் வாளி
வேறு மாதிரிச் சொல்கிறது.

எனக்குச் சம்பளம் தருவது படகு.
ஃபியோர்டின் இக்கரைக்கும் அக்கரைக்கும் பதினோரு நிமிடம்,
நாளைக்குப் பதினாறு நடை.
கையசைத்து வண்டிகளை உள்ளே அழைப்பேன்,
சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது
என் குதிரைக்குச் சொலவடை இல்லை, வாசனை.
காற்று திசைமாறும் நாட்களில்
மேலுதட்டைச் சுருட்டிப் பல் காட்டி
தண்ணீருக்கு மேலே கணக்கெடுப்பான்:
எவள், எவ்வளவு தூரம், இன்னும் எத்தனை நாள்.

ஜூன் இரண்டாம் வாரம் டோர்கைல்
சில்யாவை இழுவைவண்டியில் ஏற்றி வந்தார்.
அவர் என்னோடு பேசி ஏழு வருடம்.
காரணம் ஒரு வைக்கோல் இயந்திரம்.
இரவல் வாங்கியது நான்;
உடைந்தது யார் கையில் என்பதற்கு
ஆளுக்கொரு கதை.
பேசாமலே மூன்றாம் வரிசையைக் காட்டினேன்.
பேசாமலே நிறுத்தினார்.

பாதித் தண்ணீரில், கரையிலிருந்து அவன் கனைத்தான்.
தகரத்துக்குள்ளிருந்து அவள் பதில் சொன்னாள்.
காபியோடு நின்ற ஜெர்மன் தம்பதி
எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று என்னைப் பார்த்தார்கள்.
டோர்கைல் கண்ணாடியை இறக்கினார்.
“அவசரம்,” என்றார்.
“யாருக்கு?” என்றேன்.
ஏழு வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மாலையில் லாயத்தின் பின்னால்
அவர் அவளைப் பிடித்தார், நான் இவனை.
இந்த இடத்தில் கவித்துவம் தேடுபவர்கள்
இரும்பு முனை வைத்த பூட்ஸோடு வரவும்.
அவள் முதலில் உதைத்தாள். ஒரு வேலிக்கட்டை போயிற்று.
அவன் பின்வாங்கி நின்றான்,
ஐந்நூற்று இருபது கிலோ மரியாதை.
பிறகு அவள் வாலை ஒதுக்கினாள்.
எங்கே பார்ப்பதென்று தெரியாத இரண்டு மனிதர்கள்
மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

மே மாதம், இரவு மூன்று மணி. தொலைபேசியில் டோர்கைல்:
“ஆண்.” கொஞ்ச நேரம் கழித்து, “வெள்ளை இருக்கிறது.”

முதல் படகில் பயணியாகப் போனேன்.
நெற்றியில் ஒரு சுட்டி,
கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.
பெட்டையென்றால் மன்னிப்பார்கள்.
பொலிகுதிரைக்கு அது ஆகாது; நடுவர் வரைகூடப் போக முடியாது.
நான்கு காலையும் நான்கு திசையில் ஊன்றி
குட்டி எழுந்தான்,
மடியைத் தேடி என் முழங்கையைச் சப்பினான்.
“காயடித்தால் நல்ல வண்டிக்குதிரை,” என்றார் டோர்கைல்.
சொல்லிவிட்டு, அவரே கட்டைவிரலை
அந்த வெள்ளையின் மேல் வைத்தார்.
எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

திரும்பி வந்ததும் ப்ராட்டன்
என் சட்டையின் முழங்கையில் மூக்கை வைத்தான்,
காய்ந்திருந்த பாலின் மேல்.
நெடுநேரம்.
உதட்டைச் சுருட்டினான். வானத்தைப் பார்த்தான்.

அப்புறம் பையில் ஓட்ஸ் இருக்கிறதா என்று தேடினான்.